மார்பகப் புற்றுநோய் சிகிச்சையிலும் அதற்குப் பிறகும் பெண்ணுக்குப் பெண் துணை: வடசென்னைக்கான முழுமையான வழிகாட்டி

கீமோ நடக்கும் மாதங்களில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். நாத்தனார் கஞ்சி வைத்துக்கொண்டு வருவாள். எதிர்வீட்டு அக்கா பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவருவார். கடைசி ரேடியேஷன் முடிந்த அன்று எல்லாரும் சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, "இனி ஒன்றுமில்லை" என்று அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். ஆனால் கை வீக்கமும், மரத்துப்போன விரல்களும், தூக்கம் பிடிக்காத இரவுகளும், ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டிய மாத்திரையும் அதற்குப் பிறகுதான் அவளோடு தனியாக உட்காருகின்றன. அப்போது அவளுக்குத் தேவை, அதே பாதையில் சில ஆண்டுகள் முன்னால் நடந்துபோன ஒரு பெண்.

தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு நானும் அந்தப் பாதையில் நடந்தவள்தான். இப்போது புதிதாக வருகிறவர்களோடு கூடப் போகிறேன். எண்ணூர் முதல் பெரம்பூர் வரை, திருவொற்றியூர் முதல் வியாசர்பாடி வரை, தன் தெருவில் இன்னொரு பெண்ணுக்குத் துணையாக நிற்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சங்கம், பலகை, தலைவி, செயலாளர் எதுவும் முதலில் வேண்டாம். ஒரு பெண்ணுக்கு ஒரு பெண் என்று தொடங்குங்கள். குழு வேண்டியபோது தானே சேரும்.

இது புதிய யோசனை இல்லை. 1952-இல் நியூயார்க்கில் மார்பக அறுவை செய்துகொண்ட டெரீஸ் லாசர் என்ற பெண்மணி, தன்னைப் போல அறுவை முடிந்து படுத்திருந்த பெண்களை மருத்துவமனையிலேயே நேரில் போய்ப் பார்க்கத் தொடங்கினார். 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதைத் தன் திட்டமாகவே எடுத்துக்கொண்டது. இன்று பல நாடுகளில் நடக்கும் இந்த வேலையின் அடிப்படை அவர் செய்ததுதான்: கடந்து வந்தவள், கடக்கிறவளின் கட்டில் அருகே போய் உட்காருவது.

படி 1: எது உங்கள் வேலை, எது மருத்துவரின் வேலை

இதை முதலிலேயே பிரித்துக்கொள்ளாவிட்டால் நல்ல மனதோடு செய்வதே தீங்காகிவிடும். எந்த மருந்து, எத்தனை கீமோ, மார்பகத்தை முழுவதும் எடுப்பதா பகுதியா என்பதெல்லாம் மருத்துவர் சொல்ல வேண்டியவை. மார்பகப் புற்றுநோய் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உள்ளே வகைகள் பல. ஹார்மோன் ஏற்பி உள்ளது, ஹெர்-2 வகை, இரண்டும் இல்லாத ட்ரிப்பிள் நெகட்டிவ் என்று மூவருக்கு மூன்று விதமான மருந்து போகும். "எனக்கு அந்த ஊசி போடவில்லையே, உனக்கு ஏன் போடுகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி அவளை ஒரு வாரம் தூங்கவிடாது.

உங்கள் வேலை அன்றாடம் சார்ந்தது. அறுவைக்குப் பின் நீர் வடிய வைத்து இடுப்பில் தொங்கும் குழாயோடு எப்படிக் குளிப்பது, எந்த நைட்டி வசதி (முன்பக்கம் பட்டன் வைத்தது), முடி கொட்டும்போது பிள்ளையிடம் என்ன சொல்வது, மாமியார் கேட்கும் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது போன்றவை. இவற்றை எந்த ஓ.பி.யிலும் சொல்லித்தர நேரம் இருக்காது. மருத்துவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கும் தைரியத்தைத் தருவதும் உங்கள் வேலைதான்.

இன்னொரு கண்டிப்பான விதி உண்டு. பொடி, கஷாயம், சத்து மாவு, 'ஒரே மாதத்தில் கட்டி கரையும்' என்று விற்கும் எதையும் நீங்கள் கொண்டுபோகாதீர்கள். யாரும் உங்கள் வழியாக விற்கவும் விடாதீர்கள். கத்தி பட்டால் பரவும், பயாப்ஸி (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது) எடுத்தால் பரவும் என்ற பேச்சை நம்பி மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு வருகிற பெண்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. பயாப்ஸி எடுப்பதால் நோய் பரவுவதில்லை. எடுக்காமல் எந்த வகை என்று தெரியாது, வகை தெரியாமல் மருந்து தர முடியாது. அவள் ஏற்கெனவே நாட்டு மருந்து ஏதாவது குடிக்கிறாள் என்றால் திட்டாதீர்கள். அதை மருத்துவரிடம் சொல்ல வையுங்கள், சில பொருட்கள் கீமோ மருந்தோடு ஒத்துப்போகாது.

படி 2: பொருத்தமான ஆளைச் சேர்ப்பது

புதிதாக நோய் தெரிந்தவளுக்கு யாரை அனுப்புவது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். முக்கிய சிகிச்சை முடிந்து ஓராண்டாவது ஆனவராக இருந்தால் நல்லது. தன் காயமே ஆறாதவர் அடுத்தவரின் அழுகையைத் தாங்க முடியாமல் திணறிப்போவார்.

நோயின் வகையைவிட வாழ்க்கையின் வகை பொருந்துவது முக்கியம் என்பது என் எண்ணம். கைக்குழந்தை உள்ளவளுக்குக் கைக்குழந்தையோடு இதைக் கடந்தவள், கல்யாணம் ஆகாதவளுக்கு அந்தப் பேச்சின் வலி தெரிந்தவள், கணவனை இழந்தவளுக்கு வருமானமும் மருத்துவமனையும் ஒன்றாகச் சமாளித்தவள். காசிமேட்டில் மீன் விற்கும் அக்காவுக்கு, அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் சொல்லும் கை பராமரிப்பு உதவாது. கூடை தூக்குகிறவளின் கை வேறு. மண்ணடி, ராயபுரம் பக்கத்து முஸ்லிம் பெண்ணுக்கு, வெளியே நிற்காமல் வீட்டுக்குள் வந்து பேசக்கூடியவர் வேண்டியிருக்கலாம்.

ஆளைத் தேடி வீடு வீடாகப் போக வேண்டாம், போகவும் கூடாது. நோய் இருப்பது அவளுடைய ரகசியம். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இந்தச் செய்தி தெருவுக்கு வந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர், மருத்துவமனையில் உள்ள சமூகப் பணியாளர், பகுதி மகளிர் சுயஉதவிக் குழுவில் நம்பிக்கையான ஒருவர் ஆகியோரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்துவையுங்கள். "விருப்பமிருந்தால் அவரே அழைக்கட்டும்" என்று சொல்லுங்கள். அழைப்பு அவளிடமிருந்து வர வேண்டும்.

படி 3: முதல் சந்திப்பு

எங்கே சந்திப்பது என்று அவளையே கேளுங்கள். சிலருக்கு வீடு, சிலருக்கு வீடு தவிர வேறு எங்கும். ஓ.பி. வரிசையில் காத்திருக்கும் இரண்டு மணி நேரம் பல பெண்களுக்கு வசதியான நேரம். மாமியார் காதில் விழாது, பிள்ளைகள் இல்லை.

முதலில் கேட்க வேண்டியது, "இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறாய், அம்மா? உனக்கு எதைப் பற்றித் தெரிய வேண்டும்?" என்பதுதான். அதற்குப் பிறகு அவள் பேசட்டும். உங்கள் கதையை அவள் கேட்டால் மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். சில பெண்கள் அறுவை செய்த இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். உங்களுக்குச் சம்மதம் என்றால், தனியறையில், காட்டலாம். ஒரு மார்பு இல்லாத உடம்பு எப்படி இருக்கும் என்று அறியாமல் அவள் மனதில் எதை எதையோ நினைத்துக்கொண்டிருப்பாள். நேரில் பார்த்ததும் அந்தப் பயத்தில் பாதி இறங்கிவிடுகிறது.

சொல்லக்கூடாத வார்த்தைகள் சில இருக்கின்றன. "உனக்கு ஒன்றும் ஆகாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. "போன பிறவியில் செய்தது" என்ற பேச்சை வேறு யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். "தைரியமாக இரு" என்பதும் நல்ல வார்த்தை போலத் தெரியும், ஆனால் அதைக் கேட்டபின் அவள் உங்கள் முன் அழ மாட்டாள். அழ ஓர் இடம் தேடித்தான் அவள் உங்களைக் கூப்பிட்டாள்.

படி 4: சிகிச்சை நாட்களில் கூட நிற்பது

காகிதங்களிலிருந்து தொடங்குங்கள். ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி, பயாப்ஸி அறிக்கை, ஸ்கேன், கீமோ சீட்டு எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். மேலே ஒரு தாளில் அவளுக்கு ஒவ்வாத மருந்து, மற்ற நோய்கள், வீட்டில் அழைக்க வேண்டிய எண். நள்ளிரவில் அவசரமாகப் போகும்போது அந்த ஒரு தாள் பேசும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். சென்னைக்கு அது ராஜாஜி சாலையில் உள்ள சிங்காரவேலர் மாளிகை, நம் பக்கத்துக்குத் தூரமில்லை. நோய் தெரிந்த வாரமே இதைச் செய்துவிடுங்கள், அறுவைத் தேதி கிடைத்தபின் அலைவது கொடுமை.

எங்கே சிகிச்சை என்பதைப் பொறுத்துப் பயணமும் மாறும். ஸ்டான்லி மருத்துவமனை பழைய வண்ணாரப்பேட்டையிலேயே இருக்கிறது. சென்ட்ரல் எதிரில் உள்ள பொது மருத்துவமனைக்கு, விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோவில் ஏறினால் மாறாமல் போகலாம். 2021 பிப்ரவரியில் அந்தப் பாதை திறந்ததிலிருந்து திருவொற்றியூர்ப் பெண்களுக்குக் கீமோ முடித்துத் திரும்பும் களைப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயிலுக்கு மாறி கஸ்தூர்பா நகரில் இறங்குவது ஒரு வழி. சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கீமோ முடிந்த அன்று கூட்டத்தில் நின்று வருவது வேண்டாம். அன்றைக்கு மட்டும் ஆட்டோவுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

கீமோ பற்றி மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டியது காய்ச்சல். மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் குறைந்திருக்கும். அப்போது வெப்பமானியில் 100.4 டிகிரியைத் தொட்டால் காத்திருக்கக்கூடாது. பாரசிட்டமால் போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு, "காலையில் பார்க்கலாம்" என்று படுப்பது உயிருக்கு ஆபத்து. இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், போனதும் "கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறேன்" என்பதுதான் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை. ஒவ்வொரு வீட்டிலும் வெப்பமானி இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழத்துக்குப் பதிலாக அதை வாங்கிக்கொண்டு போங்கள்.

முடி, முதல் கீமோவிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். கொட்டும் முன்பே குட்டையாக வெட்டிக்கொள்வது பலருக்கு எளிதாக இருந்திருக்கிறது. சென்னை வெயிலில் விக்கை விடப் பருத்தித் துணி சுகம். வாய்ப்புண்ணுக்குக் காரம் தள்ளி, உப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அடிக்கடி கொப்பளிப்பது. கரண்ட் (ரேடியேஷன்) வைக்கும் நாட்களில் தோலில் மஞ்சள், பவுடர், எண்ணெய் எதுவும் கூடாது. கறுப்பு மையால் போட்ட கோடு அழியக்கூடாது. கரண்ட் வைக்க மூன்று வாரமோ ஐந்து வாரமோ தினமும் போக வேண்டியிருக்கும். வீட்டு வேலையை யார் பார்ப்பது என்பதை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

படி 5: எல்லாரும் போன பிறகு

இந்த வழிகாட்டியில் நான் அதிகம் சொல்ல வேண்டியது இதுதான்.

கையிலிருந்து தொடங்குகிறேன். அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்தாலோ அங்கே ரேடியேஷன் வைத்தாலோ அந்தப் பக்கத்துக் கையில் நீர் வடியும் பாதை குறைந்துபோகிறது. வீக்கம் சில மாதங்களில் வரலாம், பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். முதலில் கை கனக்கும். வளையல் இறங்காது, பிளவுஸ் கை பிடிக்கும், மோதிரம் கழலாது. மாதம் ஒரு முறை டெய்லர் டேப்பால் இரண்டு கைகளையும் ஒரே இடங்களில், மணிக்கட்டிலும் முழங்கைக்கு மேலும் கீழும், அளந்து எழுதச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் பிடித்தால் கட்டுப்போட்டும் அழுத்த உறை போட்டும் கட்டுக்குள் வைக்கலாம்.

அந்தக் கைக்கு நம் ஊரில் ஆபத்துகள் ஏராளம். மீன் ஆய்கிறவளின் விரலில் முள் குத்தும், இறால் உரிப்பவளின் நகக்கண் கிழியும், அரிவாள்மனை நழுவும். ரப்பர் கையுறை போடுவது வெட்கமில்லை என்பதை நீங்களே போட்டுக் காட்டுங்கள். காயம் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிக் கிருமிநாசினி வைக்க வேண்டும். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது தோலுக்கடியில் கிருமி தொற்றிய அடையாளம். அன்றே ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். ஊசி, ரத்த அழுத்தம் பார்ப்பதை மற்ற கையில் செய்யும்படி அவளே செவிலியரிடம் சொல்லப் பழக வேண்டும்.

தண்ணீர்தான் பெரிய சங்கடம். லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும், அடி பம்பை அந்தக் கையால்தான் அடித்துப் பழக்கம். அதற்காகக் கையை மடியில் வைத்தே உட்கார்ந்திருந்தால் தோள் இறுகிப்போகும். சுவரில் விரலால் ஏறும் பயிற்சி, தலை வாருவது, முதுகுப் பக்கம் கொக்கி மாட்டுவது எல்லாம் மருத்துவர் சொன்ன நாளிலிருந்து தினமும் செய்ய வேண்டும். பளுவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். முறையாகப் படிப்படியாகப் பளு தூக்கிப் பழகுவது கை வீக்கத்தைக் கூட்டுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. திடீரென்று முழுக் குடத்தைத் தூக்குவதுதான் கூடாது. அரைக்குடமாக, இரண்டு நடையாக. தெருவில் இருக்கிற பையன்களிடம் கேளுங்கள். ஒரு நாள் அல்ல, மூன்று மாதத்துக்கு யார் யார் என்று பெயர் எழுதிக் கேட்டால் செய்வார்கள். வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும்.

அடுத்தது மரத்துப்போகும் விரல்கள். டாக்ஸேன் வகைக் கீமோ எடுத்தவர்களுக்குக் கால் பாதமும் விரல் நுனியும் மாதக்கணக்கில் உணர்வில்லாமல் இருக்கலாம். சூடான தோசைக்கல் தெரியாது, காலில் ஆணி ஏறினால் தெரியாது. வீட்டுக்குள்ளும் செருப்பு, இரவில் உள்ளங்கால் பார்ப்பது, தீமிதிக்கும் வெறுங்கால் வேண்டுதலுக்கும் அம்மனிடம் ஒத்திவைப்புக் கேட்பது. அம்மன் புரிந்துகொள்வாள் என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

மாத்திரை. ஹார்மோன் வகை நோய் உள்ளவர்களுக்குத் தமாக்ஸிஃபென் அல்லது லெட்ரோசோல் போன்ற மாத்திரை ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு. இங்கேதான் பெண்கள் நின்றுவிடுகிறார்கள். உடம்பு திடீரென்று காந்துகிறது, மே மாதத்து இரவில் மின்சாரமும் போனால் பைத்தியம் பிடிக்கிறது. லெட்ரோசோல் எடுப்பவருக்குக் காலையில் எழுந்தால் முட்டியும் விரலும் மடங்காது. "நோய்தான் போய்விட்டதே, இது எதற்கு?" என்று நிறுத்திவிட்டு யாரிடமும் சொல்வதில்லை. ஆகையால் நீங்கள் "மாத்திரை போடுகிறாயா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். "மாத்திரை உன்னை என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். தொந்தரவைச் சொன்னால் மருத்துவர் மாத்திரையை மாற்ற முடியும், வேறு வழி சொல்ல முடியும். மூட்டு வலிக்குத் தினசரி நடை உண்மையாகவே உதவுகிறது. திருவொற்றியூர் தேரடியைச் சுற்றி இரண்டு பேராக மாலையில் நடப்பதைப் போல நல்ல துணை வேறில்லை.

தமாக்ஸிஃபென் எடுப்பவர் சிலவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே போக வேண்டும். மாதவிலக்கு வராவிட்டாலும் கர்ப்பம் தரிக்க வாய்ப்புண்டு, அந்த மாத்திரையோ கருவுக்கு ஆகாது. காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத தடுப்பு முறையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் தமாக்ஸிஃபெனின் வேலையைக் குறைக்கும். இரண்டு மருத்துவர்களுக்கும் இரண்டு சீட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

கணவன் மனைவி விஷயத்தைப் பெண்கள் கடைசியாகத்தான் கேட்பார்கள், பெரும்பாலும் வாசற்படியில் செருப்பு மாட்டும்போது. வறட்சியும் வலியும் மருந்தால் வருபவை, அவள் குறையால் அல்ல. தண்ணீர் அடிப்படையிலான வழவழப்பு ஜெல் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும். ஹார்மோன் கலந்த கிரீமைக் கேட்காமல் போடக்கூடாது. இந்த நோய் தொட்டால் ஒட்டாது, கூடினால் ஒட்டாது. இதைக் கணவரிடம் சொல்ல ஓர் ஆண் வேண்டும். உங்கள் கணவர் அந்த வேலையைச் செய்ய முன்வந்தால் பல வீடுகள் தப்பிக்கும்.

உடை. காயம் ஆறும் வரை லேசான பஞ்சுத் திண்டு போதும். ஆறியபின் மருத்துவர் சம்மதத்தோடு எடையுள்ள சிலிக்கான் மார்பு வைக்கலாம். எடை சமமில்லாவிட்டால் சிலருக்குத் தோளும் கழுத்தும் வலிக்கும். விலை தாங்காதவர்கள் பருத்தித் துணியில் தைத்துக்கொள்ளலாம். பிராவின் உள்பக்கம் ஒரு பை தைத்தால் திண்டு நகராது. தையல் தெரிந்த ஒருவர் துணை வட்டத்தில் இருந்தால் இதுவே அவரது பங்காக இருக்கட்டும். எதுவும் வைக்காமல் இருக்க விரும்புகிறவளை வற்புறுத்தவும் வேண்டாம்.

பயம் கடைசிவரை இருக்கும். முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டதா, தலை வலித்தால் மூளைக்கா என்று. "கண்டதை நினைக்காதே" என்றால் பயம் போகாது. வழக்கமான பரிசோதனை எப்போது என்று தெளிவாகத் தெரிந்தால் கொஞ்சம் அடங்கும். பொதுவாக முதல் மூன்று ஆண்டு மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு இடைவெளி கூடும். ஆண்டுக்கு ஒரு முறை மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே). தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு வருடாவருடம் முழு உடம்பு ஸ்கேன் வழக்கமாகத் தேவையில்லை, கடன் வாங்கி எடுக்க வேண்டாம். ஆனால் தழும்பில் புதுக் கட்டி, வாரக்கணக்கில் குறையாத எலும்பு வலி, விடாத இருமல் இருந்தால் தேதி பார்க்காமல் போக வேண்டும். இரவுகள் தாங்க முடியாமல், வாழ்ந்து என்ன என்ற பேச்சு வந்தால் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நீங்களே போட்டுக் கொடுங்கள்.

படி 6: வட்டமாகச் சேரும்போது

நான்கைந்து ஜோடிகள் ஆனபின் மாதம் ஒரு முறை எல்லாரும் உட்காரலாம். சர்ச் கூடம், நூலகம், யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடி, மாடிப்படி ஏற முடியாதவர் இருந்தால் தரைத்தளம். மதியம் மூன்றிலிருந்து ஐந்து நல்ல நேரம். சமையல் முடிந்திருக்கும், தண்ணீர் நேரம் வந்திருக்காது.

விதிகள் மூன்று போதும். இங்கே பேசியது வெளியே போகாது. யாரும் யாருக்கும் மருந்து சொல்வதில்லை. பணம் கொடுக்கல் வாங்கல் இல்லை, டீச் செலவு தவிர. வாட்ஸ்அப் குழு வேண்டுமென்றால் குழுவின் பெயரில் புற்றுநோய் என்ற சொல் இருக்கக்கூடாது. பல வீட்டில் போன் பிள்ளைகளிடம்தான் இருக்கிறது. அடுத்தவர் அறிக்கையின் படத்தை அதில் போடக்கூடாது.

படி 7: நோய் திரும்பியவள், நம்மை விட்டுப் போனவள்

ஒருவருக்கு நோய் திரும்பினால் மற்றவர்கள் மெல்ல விலகுவார்கள். கல்நெஞ்சம் காரணமில்லை, பயம். அவளோ, "என்னைப் பார்த்தால் அவர்கள் பயப்படுகிறார்கள்" என்று தானே வராமல் நின்றுவிடுவாள். இதற்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். அவளுடைய ஜோடி தொடர்ந்து போக வேண்டும். வட்டத்துக்கு வர விருப்பமா என்பதை அவள் தீர்மானிக்கட்டும். வேறு உறுப்புக்குப் பரவிய நோயோடு ஆண்டுக்கணக்கில் மருந்தில் வாழ்கிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அவர்களைப் போன்ற இன்னொருவரே சரியான துணை. "எப்போது முடியும்?" என்ற கேள்வி அங்கே பொருந்தாது. வலி தணிப்புச் சிகிச்சை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை என்பதையும் வீட்டாருக்குச் சொல்லுங்கள். வலியைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, மருந்து உண்டு.

ஒருவர் இறந்தால் வட்டத்தில் மறைக்காதீர்கள். குழுச் செய்தியாகப் போடாமல், ஒவ்வொருவருக்கும் தனியாக அழைத்துச் சொல்லுங்கள், கீமோவில் இருப்பவளுக்கு நேரில். சாவு வீட்டுக்குப் போக முடியாதவர்கள் போக வேண்டியதில்லை. வெள்ளை அணு குறைந்திருப்பவர் அந்தக் கூட்டத்தில் நிற்கக்கூடாது. அடுத்த சந்திப்பில் அவள் பெயரைச் சொல்லி, அவள் செய்த சமையலையும் போட்ட சண்டையையும் பேசுங்கள். அவள் பெண் பிள்ளைகளுக்கு ஒருவர் தொடர்ந்து பேச வேண்டும். குடும்பத்தில் பலருக்கு இந்த நோய் இருந்தாலோ இளவயதில் வந்தாலோ, மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கும்படி அந்தப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வதும் துணையில் சேர்ந்ததே.

படி 8: துணை செய்கிறவளைப் பார்த்துக்கொள்வது

ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் துணையாக நிற்காதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் காய்ச்சல், மூச்சுத் திணறல் போன்ற அவசரத்துக்கு மட்டும் அழைப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவள் சொன்ன ஏதோ ஒன்று உங்கள் பழைய பயத்தைக் கிளறினால், அதை அவளிடம் அல்ல, வட்டத்தில் மூத்தவரிடம் பேசுங்கள். மாதக்கணக்கில் ஓய்வு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லாமல் நிற்காதீர்கள். உங்கள் இடத்தில் வருகிறவரை அவள் வீட்டுக்கு ஒருமுறை நீங்களே கூட்டிப் போய் அறிமுகப்படுத்துங்கள்.

உங்கள் சொந்த மேமோகிராம் தேதியை வட்டத்தின் நோட்டில் எல்லாரோடும் சேர்த்து எழுதிவையுங்கள். அந்த வாரம் உங்கள் போனுக்கு வரும் அழைப்புகளை வேறொருவர் எடுக்கட்டும். பரிசோதனைக்கு உங்களோடு யார் வருவது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.